14 நாள் கணக்கு: ஜுருபாஸா பதில்கள்

கேள்வி: அய்யா, வணக்கம். பெயர் போட வேண்டாம். சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறேன், உங்களைக் காலைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். என் அண்ணன் 2003இல் படிக்கப் போனவர், அமெரிக்காவில் டெக்சாஸிலேயே தங்கிவிட்டார். கிரீன் கார்டு உண்டு. வேலை பார்த்த இடத்தில் பொய் பில் போட்டுப் பணம் எடுத்தார் என்று வழக்காகி 30 மாதத் தண்டனை அனுபவித்து வெளியே வந்தார். வந்த பிறகும் 3 வருஷம் ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. 16 மாதம் ஒழுங்காக இருந்தார். அப்புறம் பக்கத்து மாநிலத்தில் வேலை கிடைத்தது என்று யாரிடமும் அனுமதி வாங்காமல் போய்விட்டார். மூன்று மாதம் அதிகாரி கண்ணில் படவில்லை. பிடித்துவிட்டார்கள். கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டார். 3 முதல் 9 மாதம் வரும் என்று அரசாங்கம் கொடுத்த வக்கீல் சொல்லியிருந்தாராம். நீதிபதியோ 20 மாதம் போட்டுவிட்டார், அதற்கு மேல் இன்னும் 1 வருஷம் கண்காணிப்பு. “நீ ஏமாற்றிய தொகைக்கு முதல் தடவையே உனக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள்” என்று சொன்னாராம். இதை எதிர்த்து மேலே போக முடியுமா? இங்கே ஒருவர் 15,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் அமெரிக்காவில் ஆள் வைத்து முடித்துத் தருகிறேன் என்கிறார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம். தீர்ப்பு வந்து ஆறு நாள் ஆகிறது.

பதில்: தங்கச்சி, உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கும். இந்தப் பத்திரிகை அச்சாகி கடைக்கு வருவதற்குள் நாள் போய்விடும். அன்றிரவு அவசரத்தில் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்து கோர்ட்டுகளில் 31 வருஷம் ஜுருபாஸா, அதாவது மொழிபெயர்ப்பாளன். அமெரிக்கச் சட்டம் எனக்கு என் அக்கா மகள் வழியாகத்தான் தெரியும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அங்கே அரசாங்கமே வக்கீல் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் அவள் பல வருஷம் வேலை பார்க்கிறாள். கீழே இருப்பதில் சட்டம் அவளுடையது, சொல்கிற விதம் என்னுடையது.

14 நாள். அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட்டில் தண்டனை பெற்றவர் மேல்முறையீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்க அவ்வளவுதான் அவகாசம். தீர்ப்பு கோர்ட் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாள். அந்த நோட்டீஸ் ஒரு பக்கம்கூட இருக்காது. யார் மேல்முறையீடு செய்கிறார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்தக் கோர்ட்டுக்கு, இவ்வளவுதான். காரணம் எழுத வேண்டியதில்லை, வாதாட வேண்டியதில்லை. அதைக் கொடுக்க வேண்டியதும் மேல் கோர்ட்டில் இல்லை, தண்டனை கொடுத்த அதே கோர்ட்டின் அலுவலகத்தில். டெக்சாஸ் வழக்கு என்பதால் பிறகு அது நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தானாகப் போய்ச் சேரும்.

நோட்டீஸ் போடும்படி வக்கீலிடம் சொல்ல வேண்டியது அண்ணன்தான், நீயில்லை. அவர் வாயால் “போடுங்கள்” என்று சொன்னால் போட்டே ஆக வேண்டியது வக்கீலின் கடமை, “ஜெயிக்காது” என்று அவருக்குத் தோன்றினாலும்கூட. வக்கீல் போனை எடுக்கவில்லை என்றால் அண்ணனே தன் கையால் எழுதி, 14 நாளுக்குள் சிறைச்சாலையின் தபாலில், வக்கீல் கோர்ட் கடிதங்களுக்கென்று தனி வழி இருந்தால் அதில், சேர்த்துவிட வேண்டும். என்றைக்குச் சேர்த்தேன், தபால் செலவு கட்டியாகிவிட்டது என்று கூடவே ஓர் உறுதிமொழியும் எழுதி வைக்க வேண்டும். கடிதம் கோர்ட்டுக்கு 20ஆம் நாள் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை, சிறைக்குள் தபாலில் சேர்த்த நாள்தான் கணக்கு. நாள் தவறினாலும் தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள்வரை நீட்டிக்க அந்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பிக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அந்த 15,000 வெள்ளிக்காரரிடம் என் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேள்: “நோட்டீஸ் கொடுக்க எத்தனை நாள் அவகாசம்?” பதில் தெரியாது என்று நான் பந்தயம் கட்டுகிறேன். கையில் காசில்லாதவருக்கு மேல்முறையீட்டிலும் அரசாங்கம் கொடுக்கும் வக்கீல் தொடருவார். கோர்ட்டில் பேசியதை எழுத்தாக்கி வாங்கும் செலவைக்கூட அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வீட்டின் மேல் கடன் வாங்குகிற யோசனையை விட்டுவிடு.

சரி, இனி உன் அண்ணன் விஷயத்துக்குள் போவோம். இதைப் பரோல் என்று நீ போனில் இரண்டு தடவை சொன்னாய். இல்லை. பரோல் என்பது கொடுத்த தண்டனைக்குள்ளேயே இருப்பது. நம் நாட்டில் 2008இல் வந்ததே, அது அந்த வகை. மிச்ச நாளை வெளியே கழி என்று விடுவார்கள், தப்புச் செய்தால் மிச்சத்தை உள்ளே வந்து முடிக்க வேண்டும். அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளில் அந்த முறையை 1984இல் வந்த ஒரு சட்டம் ஒழித்துவிட்டது. 1987 நவம்பர் 1 முதல் செய்த குற்றங்களுக்கு அங்கே பரோல் கிடையாது. அதற்குப் பதில் வந்ததுதான் சூப்பர்வைஸ்டு ரிலீஸ். தண்டனையை முழுக்க அனுபவித்த பிறகு, சட்டைக்குக் கீழே ஒட்டுத்துணி தைப்பதுபோல, கூடுதலாகத் தைத்துவிடுகிற காலம் அது. அதனால்தான் “30 மாதத்தையும் முடித்துவிட்டாரே, இன்னும் என்ன பாக்கி?” என்ற உன் கேள்வி அங்கே எடுபடாது. மிச்சம் என்று ஒன்று இல்லை. நிபந்தனையை மீறினால் புதிதாக அளந்து போடுவார்கள்.

அந்த அளவுக்கு உச்சவரம்பு உண்டு. முதல் குற்றத்தின் தரத்தைப் பொறுத்து 5 வருஷம், 3 வருஷம், 2 வருஷம், 1 வருஷம் என்று நான்கு படி. உன் அண்ணன் மேல் நிரூபிக்கப்பட்டது 20 வருஷம்வரை தண்டனை தரக்கூடிய ஃபெடரல் மோசடிக் குற்றம், தரவரிசையில் ‘சி’. ஆகவே உச்சம் 2 வருஷம். 20 மாதம் அதற்குள் அடங்கிவிடுகிறது. வெளியே ஒழுங்காக இருந்த 16 மாதத்தையும் கழிக்க மாட்டார்கள், ஒரு நாள்கூட. கேட்டவுடன் எனக்கே கசந்தது, ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 3 முதல் 9 மாதம் என்று வக்கீல் சொன்னது வழிகாட்டி அட்டவணை. நீதிபதி அதைப் பார்க்க வேண்டும், கட்டுப்பட வேண்டியதில்லை. மீறினால் ஏன் மீறினேன் என்று காரணம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: தப்பை ஒப்புக்கொண்டது பற்றி அண்ணன் வருத்தப்படுகிறார் என்றாய். வருத்தம் வேண்டாம். இந்த விசாரணையில் ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று ஒரு நீதிபதிக்குத் தோன்றினால் போதும். மாநில எல்லையைத் தாண்டிய ஆள் எல்லைக்கு அப்பால் கிடைத்தபிறகு எதை மறுப்பது?

ஆகவே மீறினாரா இல்லையா என்ற பேச்சு முடிந்தது. மிச்சம் இருப்பது அந்த 20 என்ற எண். அதை நீதிபதி எப்படி அடைந்தார்?

இங்கேதான் உன் கடிதத்தில் ஒரு வரியை என் அக்கா மகள் பிடித்துக்கொண்டாள். “நீ ஏமாற்றிய தொகைக்கு முதல் தடவையே குறைவாகக் கொடுத்துவிட்டார்கள்” என்று நீதிபதி சொன்னாரே, அது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எஸ்டெராஸ் என்பவரின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சூப்பர்வைஸ்டு ரிலீஸை ரத்து செய்து உள்ளே அனுப்பும்போது, பழைய குற்றத்துக்குக் கணக்குத் தீர்க்கும் எண்ணத்தை நீதிபதி எடைபோடக் கூடாது. மறுபடி தப்பு செய்யாமல் தடுப்பது, பொதுமக்களைக் காப்பது, ஆளுக்குத் தேவையான பயிற்சி சிகிச்சை, இவற்றைப் பார்க்கலாம். “நீ செய்ததற்கு இன்னும் வாங்கு” என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அதை முதல் தண்டனையிலேயே கொடுத்தாகிவிட்டது.

ஆனால் அண்ணன் போனில் சொல்வதும் கோர்ட் பதிவில் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதே. 31 வருஷத்தில் நான் பார்த்தது, கூண்டில் நிற்பவன் காதில் விழுவது பாதி, பயத்தில் மாறிப்போவது மீதி. எழுத்துப்பதிவு வரட்டும். அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். நீதிபதி அந்த வார்த்தைகளைத் தண்டனைக்குக் காரணமாகச் சொன்னாரா, போகிற போக்கில் சொன்னாரா? அப்புறம், வக்கீல் அங்கேயே எழுந்து ஆட்சேபம் சொன்னாரா? சொல்லியிருந்தால் மேல்கோர்ட் நேராகப் பார்க்கும். வாயைத் திறக்கவில்லை என்றால், பிழை பளிச்சென்று தெரிகிறது, அது தண்டனையையே பாதித்தது என்று காட்ட வேண்டும். ஏணி இருக்கிறது, படிகள் கொஞ்சம் உயரம்.

நாளைக் கணக்குப் பார்ப்போமா? 1 வருஷத்துக்கு மேற்பட்ட தண்டனையில் நன்னடத்தைக்கு வருஷத்துக்கு 54 நாள்வரை கழியும். 20 மாதத்தில் ஏறக்குறைய 3 மாதம் போனால் 17. பிடிபட்ட நாளிலிருந்து உள்ளே இருந்தது வேறு. மேல்முறையீடு ஒரு வருஷத்தைச் சாப்பிட்டுவிடுவது சாதாரணம் என்கிறாள் அக்கா மகள். ஜெயித்தால் உடனே விடுதலை என்றும் இல்லை. பெரும்பாலும் “மறுபடி சரியாகத் தண்டனை விதி” என்று அதே நீதிபதியிடம் திருப்பி அனுப்புவார்கள். அவர் சரியான காரணங்களைச் சொல்லி அதே 20ஐ மறுபடி போட்டாலும் போடலாம். தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டால் வழக்கே செத்துவிடுமா என்றும் கேட்டாய். வெறும் சிறைத் தண்டனை மட்டும் இருந்தால் அந்த ஆபத்து உண்டு. உன் அண்ணனுக்குப் பின்னால் இன்னும் 1 வருஷக் கண்காணிப்பு தொங்குகிறது. அது இருக்கும்வரை கேட்பதற்கு ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது என்று வாதிடலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நோட்டீஸ் போடச் சொன்னேன். ஒரு பக்கக் காகிதம், செலவில்லை. வேண்டாம் என்று முடிவானால் பிறகு வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். போடாமல் விட்டதைத்தான் பிறகு போட முடியாது. ஒன்பதாம் நாள் வக்கீல் போட்டுவிட்டார் என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். நல்லது.

கடைசியாக நீ கேட்காத ஒன்று. மோசடியில் நஷ்டம் 10,000 டாலருக்கு மேல் என்றால், கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்த அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அண்ணன் எப்போதோ ஒரு நாள் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் வந்து இறங்கி, டாக்சி பிடித்து உன் வீட்டு வாசலில் நிற்கலாம். அதற்கு அந்த மேல்முறையீட்டின் முடிவு குறுக்கே நிற்காது. குடிநுழைவு வழக்குப் பார்க்கும் வக்கீலிடம் தனியாகக் கேட்கச் சொல். அம்மாவிடமும் சொல்லிவிடு, தங்கச்சி. பால்மரம் (ரப்பர்) வெட்டி உங்களை வளர்த்தவர், உடம்பு சரியில்லை என்ற பொய்க்கு வேண்டிக்கொண்டு எத்தனை கோயில் ஏறுவார்?

கேள்வி: ஐயா, நான் இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். இதை என் மருமகள் எழுதிக் கொடுக்கிறாள். சின்ன மகனுக்கு 24 வயது. முன்பு சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டி 2,000 வெள்ளி அபராதம் கட்டினோம். 2 வருஷம் ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) அலுவலகத்தில் போய் லாப்போர் பண்ண (ரிப்போர்ட் பண்ண) வேண்டும் என்றார்கள். 7 மாதம் போனான். பிறகு புக்கிட் மெர்தாஜாமில் ஃபேக்டரி வேலை கிடைத்துப் போனவன் 5 மாதம் லாப்போர் பண்ணவில்லை. பிடித்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் ஒரே நாளில் 12 மாதம் ஜெயில். வக்கீல் வைக்கவில்லை. இப்போது தாப்பாவில் இருக்கிறான். பார்க்கப் போனபோது “நான் ராயுவான் பண்ணிட்டேன்மா” என்றான். ஆனால் கோர்ட்டிலிருந்து தேதி எதுவும் வரவில்லை. தீர்ப்பு வந்து 22 நாள் ஆகிறது. எப்போது வரும்?

பதில்: அம்மா, வராது. உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. அவன் ராயுவான் பண்ணியது உண்மை. அது நீங்கள் நினைக்கிற ராயுவான் இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஒரு சொல்லால் நான் பார்த்த கஷ்டம் கொஞ்சமில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவனைப் பார்த்து மாஜிஸ்திரேட் கேட்பார், “ஆட ராயுவான்?” தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று பொருள். பையன் “அம்மாவைப் பார்த்துக்கணும் துவான், குறைச்சுப் போடுங்க” என்பான். நான் அதை மலாயில் சொல்வேன். முடிந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மேல்முறையீட்டுக்கும் மலாயில் ராயுவான் என்றுதான் பெயர். பையன் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். வீட்டில் இருப்பவர்கள் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கும் இதில் பங்கு உண்டு. “குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா? அதன் தன்மையும் விளைவும் புரிகிறதா?” என்று எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஒரு காலை வேளையில் இருபது வழக்கு. சிபாத், அகிபாத் என்ற இரண்டு மலாய்ச் சொல்லுக்கு நான் தமிழில் தன்மை, விளைவு என்பேன். பையன் தலையை ஆட்டுவான். “விளைவு என்றால் இன்று சாயங்காலம் நீ வீட்டுக்குப் போகமாட்டாய்” என்று சேர்த்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஒரு தடவை சொல்லிவிட்டேன். திட்டு வாங்கினேன். ஆனால் அந்தப் பையன் வக்கீல் வேண்டும் என்று கேட்டு ஒத்திவைப்பு வாங்கினான்.

சரி, உங்கள் மகன் விஷயம். நம் நாட்டிலும் மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக நோட்டீஸ் கொடுக்கும் காலம் 14 நாள்தான். மேலே அமெரிக்காவுக்குச் சொன்ன அதே எண். எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. அதைத் தாண்டி 8 நாள் ஆகிவிட்டது. கதவு சாத்திவிட்டது, ஆனால் பூட்டவில்லை. சட்டமுறைகளுக்குள் வராமல் போனவருக்கும் மேல்முறையீடு செய்ய அனுமதி கொடுக்க உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 310ஆம் பிரிவு. ஏன் தாமதம் என்று சத்தியக் கடிதம் வைக்க வேண்டும். ராயுவான் என்ற சொல்லால் ஏமாந்தேன், வக்கீல் இல்லை, சிறையில் இருந்தேன். இவை நொண்டிச் சாக்கு இல்லை, நிஜக் காரணங்கள். ஆனால் இன்றே. 40ஆம் நாள் போய் இதையே சொன்னால் மதிப்பு குறையும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 323ஆம் பிரிவின்படி, கீழ்க்கோர்ட்டின் பதிவேட்டை வரவழைத்துத் தண்டனை முறையாக இருக்கிறதா என்று உயர் நீதிமன்றமே பார்க்கலாம். இதை மறுஆய்வு என்கிறோம், கோர்ட்டில் செமாக்கான். இரண்டில் எது உங்களுக்குத் தோது என்று வக்கீல் முடிவு செய்யட்டும்.

தாப்பாவுக்கு அடுத்த தடவை போகும்போது மகனிடம் ஒன்று சொல்லுங்கள். சிறையில் இருப்பவர் மேல்முறையீடு செய்ய வெளியே வரத் தேவையில்லை. சிறை அதிகாரியிடம் வாயால் சொன்னாலும் எழுதிக் கொடுத்தாலும் சட்டப்படி அதுவே நோட்டீஸ். 14 நாளுக்குள் இது தெரிந்திருந்தால் ஈப்போ போய், அங்கிருந்து தாப்பா பஸ் பிடித்து நீங்கள் அலைந்த அலைச்சலே மிச்சம். இப்போதும் சொல்லட்டும், தேதியோடு பதிவாகட்டும். என்றைக்குக் கேட்டான் என்பதற்கு ஒரு சாட்சி.

மேல்முறையீட்டில் என்ன கேட்க முடியும்? குற்றத்தை ஒப்புக்கொண்டவர் “நான் குற்றவாளி இல்லை” என்று இனிச் சொல்ல முடியாது. 305ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தண்டனையின் அளவும் அது சட்டப்படியானதா என்பதும் மட்டும்தான். கண்காணிப்பு நிபந்தனையை மீறினால் 3 வருஷம்வரை சிறை, 3 ரோத்தான்வரை (பிரம்பு) அடி, அல்லது இரண்டும் என்பது போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் நான் வேலையில் இருந்த காலமெல்லாம் இருந்தது. 2024இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தில் கைவைத்துத் திருத்தியிருக்கிறது. அதனால் மகனின் குற்றச்சாட்டுத் தாளில் எந்தப் பிரிவு, என்றைக்கு மீறியதாக எழுதியிருக்கிறது என்பதை வக்கீல் முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். தாள் உங்களிடம் இல்லை என்றால் கோர்ட் கவுண்டரில் நகல் கேட்டு வாங்குங்கள். ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும் வழக்கு எண்ணும் போதும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தருவது அந்த 7 மாதம். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டிருப்பான், சிறுநீர் கொடுத்திருப்பான். முடிவு சுத்தமாக வந்ததா? ஃபேக்டரியில் சம்பளச் சீட்டு இருக்கிறதா? இபிஎஃப் பிடித்தார்களா? ஓடி ஒளிந்தவனுக்கு யாரும் இபிஎஃப் கட்ட மாட்டார்கள். இவனுடைய தப்பு, வட்டாரத்தை விட்டுப் போக எழுத்தில் அனுமதி வாங்காதது. வேலை கிடைத்ததைச் சொல்லி இடம் மாற்றிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மேலே அந்தத் தங்கச்சியின் அண்ணனும் இதே காரியத்தைத்தான் செய்தார். அவர் படித்தவர், இவன் மூன்றாம் படிவத்தோடு நிறுத்தியவனாக இருக்கலாம். இருவருக்கும் ஒரே நினைப்பு, வேலைக்குத்தானே போகிறோம், திருடவா போகிறோம் என்று.

இந்தச் செய்திகளில் எத்தனை அன்று மாஜிஸ்திரேட் காதில் விழுந்தது? “அம்மாவைப் பார்த்துக்கணும்” என்பது மட்டும் விழுந்திருக்கும். அதை அவர் அன்று காலை பத்துப் பேரிடம் கேட்டிருப்பார். தண்டனை மிதமிஞ்சியதா, கொள்கையில் பிழையா என்றுதான் உயர் நீதிமன்றம் பார்க்கும். அழுகையைப் பார்க்காது, காகிதத்தைப் பார்க்கும். சம்பளச் சீட்டைக் கண்டுபிடியுங்கள்.

பயமுறுத்த வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் சொல்லாமல் விட முடியாது. உயர் நீதிமன்றத்துக்குத் தண்டனையைக் குறைக்கிற அதிகாரம் மட்டும் இல்லை, கூட்டுகிற அதிகாரமும் இருக்கிறது. அந்தப் பிரிவில் கொடுக்கக்கூடிய உச்சத்தை ஒட்டியே 12 மாதம் இருக்கிறதா, கீழே இருக்கிறதா, இதே போன்ற முதல் மீறலுக்கு மற்றவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

நாள் கணக்கு இங்கேயும் உண்டு. நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும், ஆக 12 மாதம் 8 ஆகும். பிடிபட்ட நாளிலிருந்து எண்ணச் சொல்லித் தீர்ப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதிலும் சில வாரம் போயிருக்கும். மேல்முறையீடு போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது. நிறுத்தி வைத்து ஜாமீனில் விடச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும், கொடுப்பதும் கொடுக்காததும் கோர்ட்டின் விருப்பம். ஜாமீன் கிடைக்காமல், வழக்கு எட்டாவது மாதம் விசாரணைக்கு வந்தால், நீதிபதி குறைப்பதற்கு என்ன இருக்கும்? ஆகவே வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி “ஜெயிக்குமா?” இல்லை, “எப்போது விசாரணைக்கு வரும்?”

பணத்துக்குத் தவிக்க வேண்டாம். ஒய்பிஜிகே என்கிற தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் குற்றவியல் வழக்குகளில் மலேசியக் குடிமக்களுக்கு வக்கீல் கொடுத்து வருகிறது. வருமானத்தைப் பார்ப்பார்கள், தோட்டச் சம்பளத்துக்கு அது தடையாக இருக்காது. ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கும் போகலாம். மருமகளைக் கூட்டிக்கொண்டு, தீர்ப்புத் தேதி, வழக்கு எண், சம்பளச் சீட்டு, லாப்போர் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைப் போடுவேனா? போடுவேன், இந்த வாரத்துக்குள் என்றால்.

கேள்வி: தீர்ப்புக்குப் பிறகு மாஜிஸ்திரேட்டுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினால் மனமிரங்கிக் குறைப்பாரா? எங்கள் தோட்டத் தலைவர் எழுதித் தருகிறேன் என்கிறார்.

பதில்: மாட்டார். கையெழுத்துப் போட்டு முடித்த தீர்ப்பை அவரே மாற்ற அவருக்கே அதிகாரம் இல்லை. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், அவ்வளவுதான். தலைவர் எழுதட்டும், நல்ல மனிதர்தான், ஆனால் அதைத் தண்டனை விதிக்கும் முன் கொடுத்திருக்க வேண்டும். இப்போது அந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொடுங்கள். உயர் நீதிமன்றத்தில் சேர்க்க முடியுமா என்று அவர் பார்ப்பார்.

கேள்வி: என் தம்பியின் மேல்முறையீடு அடுத்த மாதம். நாங்கள் குடும்பத்தோடு போகலாமா? என்ன உடுத்திக்கொண்டு போக வேண்டும்?

பதில்: போகலாம், திறந்த கோர்ட்தான். கைத்தொலைபேசியை அணைத்துவிடுங்கள். அரைக்கால் சட்டை, கையில்லா பனியன், ஜப்பான் சிலிப்பர் வேண்டாம், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலர் வைத்த சட்டை, நீளக் காற்சட்டை, சப்பாத்து. பெண்களுக்குச் சேலையோ பஞ்சாபி உடையோ தாராளம்.

நான் வேலை பார்த்த ஒரு கோர்ட்டுக்கு எதிரே ஒரு மளிகைக்கடைக்காரர் தன் பழைய கருப்புச் சப்பாத்து ஒரு ஜோடியைக் கடை வாசலில் போட்டு வைத்திருப்பார். சிலிப்பரோடு வந்தவர்கள் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். ஒரு நாள் அண்ணன் தம்பி மூன்று பேர் சாட்சிக்கு வந்தார்கள், மூவரும் சிலிப்பர். ஒருவர் உள்ளே போய் வந்து கழற்றிக் கொடுக்க, அடுத்தவர் போட்டுக்கொண்டு ஓடினார். மூன்றாமவருக்குக் கால் பெரிது, குதிகாலை மடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். “காலில் என்ன காயம்?” என்று நீதிபதி கேட்டார். அதை மொழிபெயர்க்க நான் பட்ட பாடு இருக்கிறதே.